புதுச்சேரியில் நான் திருத்திய அரைச் சுரம்

பிரெஞ்சு எல்லையில் ரயில் நின்றதும் சுங்கக்காரர் ஒருவர் ஏறி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே நான்கு வேட்டி, ஒரு கோட்டு, மூன்று மைக்கூடு. அவற்றுக்கு அடியில், ஐந்தைந்து கோடுகளாக அச்சடித்த வெற்றுக் காகிதம் ஒரு கட்டு. ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இதுல இன்னா எழுதுவீங்க?"

"சங்கீதம்."

"சங்கீதத்த யாராவது எழுதுவாங்களா? பாடத்தானே செய்வாங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் பின்னாலிருந்த இன்னொருவர், "விடுப்பா, கோயில்ல ஆர்மோனியம் வாசிக்கிற ஆளு மாதிரி இருக்காரு" என்றார். பெட்டி மூடப்பட்டது. நான் அயல்நாட்டுக்குள் நுழைந்தேன். காலையில் சென்னையில் காபி குடித்தவனுக்கு மாலையில் போலீஸ்காரரின் தொப்பியே வேறாகிவிட்டது.

ஊமைப் படம் ஓடிய காலத்தில் சென்னைக் கொட்டகை ஒன்றில் ஒன்பது வருஷம் பிடில் வாசித்தவன் நான். பேசும் படம் வந்து எங்களை எழுப்பி அனுப்பிவிட்டது. அதன் பிறகு மேல்நாட்டு சங்கீதத்தைப் பிரதி எடுத்துக் கொடுப்பதே என் தொழில். ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டிக்கு எழுதிய சங்கீதம் முதலில் ஒரே புத்தகமாக இருக்கும். எல்லா வாத்தியங்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். ஆனால் வாசிப்பவர் முன்னால் அவருக்கு உரியது மட்டுமே இருக்க வேண்டும். அப்படித் தனித்தனியாகப் பிரித்து எழுதுவது என் வேலை. "புதுச்சேரியில ஒரு மதாமுக்கு அவசரமா ஆள் வேணுமாம், சனிக்கிழமைக்குள்ள முடியணுமாம்" என்று மவுண்ட் ரோடு வாத்தியக் கடைக்காரர் சொன்னதும் கிளம்பிவிட்டேன். ஏதோ ஒரு பிரெஞ்சு மேதையின் பழைய சங்கீதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே புஷ்புஷ் வண்டிகள் நின்றன. நம் ஊர் ரிக்‌ஷாவை முன்னாலிருந்து இழுக்கிறார்கள். இங்கே பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். முன்னால் ஒரு நீண்ட கைப்பிடி இருக்கிறது. அதைப் பிடித்துத் திருப்ப வேண்டியது சவாரி செய்பவர். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. ராஜா மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி நேராக வாய்க்கால் கரைச் சுவரை நோக்கிப் போயிற்று.

"திருப்பு சாமி, திருப்பு!"

"எதைத் திருப்ப?"

சுவரில் மோதி நின்றோம். என் முழங்கால் சிராய்த்தது. வண்டிக்காரர் முதலியார்பேட்டைக்காரர், மூச்சு வாங்க முன்னால் வந்து சக்கரத்தைப் பார்த்தார், அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "நான் தள்ளத்தான் முடியும். வழி உங்க கையில இருக்குது. மெட்ராஸ்காரங்க எல்லாருமே இந்தச் சொவத்துலதான் வந்து முட்டுறாங்க" என்றார். மீதி வழியை நானே ஓட்டினேன். தெருக்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தபடியால் பிழைத்தோம்.

மதாம் ரோசலி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில் குடியிருந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். சாம்பல் நிறப் புடவை, விரலெல்லாம் மைக்கறை. கணவர் சைகோனில் தபால் உத்தியோகம் பார்த்தவர்; அவர் காலமானதும் ஊர் திரும்பி, பெண் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் பெரிய மேஜை. அதன்மேல் தலையணை கனத்துக்கு ஒரு கையெழுத்துப் புத்தகம்.

"யார் எழுதியது மதாம்?" என்றேன்.

"நான்தான்."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டே மறுபடி, "இல்லை, இந்தச் சங்கீதத்தை…" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன் முசியே சபாபதி. நாலு வருஷம் ஆச்சு. எம்பத்தாறு பக்கம். உக்காருங்க, கால்ல ரத்தம் வருது."

புலிவேஷக்காரரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. விஷயத்தைச் சொன்னார். மார்செய்யிலிருந்து சைகோனுக்குப் போகும் கப்பலில் ஒரு பாட்டு நாடகக் கம்பெனி வருகிறது. அதில் முப்பது வாத்தியக்காரர்கள். சனிக்கிழமை ஒரு பகல் கப்பல் இங்கே நிற்கும். அந்தக் கோஷ்டியை நடத்துபவரை ஷெஃப் என்கிறார்கள். மதாம் சைகோனில் இருந்தபோது அவரிடம் ஒத்திகைப் பியானோ வாசித்தவர். கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். கரையிறங்கி மூன்று மணி நேரம் வாசித்துக் காட்டுவதாக அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். குறையும் வாத்தியங்களுக்கு ஊர் பாண்டுக்காரர்கள்.

"நான் எழுதினத நான் இன்னும் கேட்டதில்ல" என்றார் மதாம். "பியானோவுல வாசிச்சா அது வேற. படத்துல இருக்குற சாப்பாடு மாதிரி."

செவ்வாய்க்கிழமை காலை உணவுக்குக் கிண்ணம் நிறையக் காபியும் முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டியும் வந்தன. சென்னையில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பிடுவது. இங்கே அது வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக இருந்தது. பிய்த்துக் காபியில் முக்கிச் சாப்பிட வேண்டும் என்று பாண்டு சார்ஜன் அந்தோணிசாமி செய்து காட்டினார். அவர் ஊர் பாண்டில் ஹார்ன் என்னும் கொம்பு வாசிப்பவர். பிரதி எடுப்பதில் எங்களுக்குத் துணைக்கு வந்திருந்தார். பெரிய மீசை. காபிக்குப் பிறகு மீசையைத் துடைப்பதற்கென்றே தனிக் கைக்குட்டை வைத்திருந்தார்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பிடில் வகையறாவை சார்ஜன் எழுத வேண்டும். குழல்களும் பித்தளை வாத்தியங்களும் எனக்கு. எழுதியதை மதாம் சரிபார்ப்பார். விளக்கு வைத்ததும் பேனாவை மூடிவிட வேண்டும் என்பது அவர் விதி. கண் அசந்தால் புள்ளி இடம் மாறிவிடும்.

எழுத எழுத எனக்குத் திகைப்பாக இருந்தது. இதில் பாட்டு எங்கே? கொட்டகையில் நாங்கள் வாசித்ததெல்லாம் நான்காவது நிமிஷத்தில் முணுமுணுக்க வரும். இங்கே செல்லோ என்னும் பெரிய பிடில் ஒரு வார்த்தை சொல்கிறது. அது முடிவதற்குள் ஓபோ என்னும் குழல் வேறொன்று சொல்கிறது. இருவரும் ஒருவரையொருவர் கேட்டதாகவே தெரியவில்லை. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வாசிக்க முடியாத எதையும் அவர் எழுதவில்லை. கிளாரினெட்காரருக்கு மூச்சு வாங்க இடம் இருந்தது. டிரம்போன்காரருக்குக் குழாயை இழுக்க அவகாசம் இருந்தது.

"இதெல்லாம் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்க படிக்க? ஒத்திகையில இடைவேளை விடுவாங்க இல்ல, அப்ப ஒவ்வொருத்தர் கிட்டயா போயி ஒக்காருவேன். இதுக்கு மேல ஊத முடியுமா, இதுக்குக் கீழ எப்பிடி இருக்கும்னு கேப்பேன். எட்டு வருஷம் கேட்டேன். பாசூன் வாசிக்கிற கெழவரு என்னப் பாத்தாலே எழுந்து ஓடுவாரு."

பன்னிரண்டு மணிக்கு ஊர் அடங்கிவிடும். கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணிவரை தூங்குகிறார்கள். நம் சைனா பஜாரில் இப்படிச் செய்தால் கடைக்காரர் செத்துவிட்டார் என்று மாலையோடு வருவார்கள். மதாம் வீட்டில் மட்டும் தூக்கம் கிடையாது. மீன் குழம்பு, வடகத்தைத் தாளித்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்தது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு சாதனை.

புதன்கிழமை பிற்பகல்தான் அது நடந்தது. சனிக்கிழமை வாசிக்கப்போகும் அரங்கத்தின் நாற்காலிகளுக்காக யாரையோ பார்க்க மதாம் வெளியே போயிருந்தார். நான் கொம்புப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் டிரம்பெட்டுகள் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கொம்புகளும் அதே சுரத்தில்தான் நிற்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஆனால் அரைச் சுரம் மேலே எழுதியிருந்தது. பக்கத்து வீட்டார் இருவர் ஒரே கதவில் இடித்துக்கொண்டு நுழைவதுபோல் இருக்கும் அது. அரைச் சுரம் ஏற்றும் குறியும் வேறு மையில், சற்றுக் கலைந்து இருந்தது. கை தவறியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். கொட்டகைக் காலத்தில் எத்தனையோ பேரின் பிழைகளைச் சொல்லாமலே திருத்திப் பெயர் வாங்கியவன் நான். பதினோரு இடங்களில் அந்தக் குறியை விட்டுவிட்டு எழுதினேன். மாலையில் மதாமிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மாலையில் அவர் களைத்து வந்தார். நான் எழுதிய புல்லாங்குழல் தாளையும் ஓபோ தாளையும் சரிபார்த்தார். ஒரு பிழைகூட இல்லை. "ஒங்க எழுத்துல தப்பு தேடுறது வீண் வேலை முசியே. நான் சார்ஜன் எழுதினத மட்டும் பாக்குறேன்" என்றார். சார்ஜன் மீசையைத் தடவிக்கொண்டார். அந்தப் பாராட்டு எனக்கு மிகவும் இனித்தது. அதன்பின் சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் வேளையில் கடைசித் தாளின் மை காய்ந்தது. கடற்கரைக்கு நடந்தோம். ஆண்களும் பெண்களும் அலங்காரமாக உலாவிக்கொண்டிருந்தார்கள். அலை மட்டும் சரியில்லை. "நாளைக்கிக் கடல் அடங்கணுமே" என்று சார்ஜன் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடங்கவில்லை. சனிக்கிழமை காலையில் கப்பல் எட்டத்தில் நின்றது. கரைக்கும் அதற்கும் நடுவே கயிற்றால் தைத்த பெரிய படகுகள் ஏறி இறங்கின. ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். ஆளுயர பாஸ் வாத்தியத்தை மூன்று படகுக்காரர்கள் தலைக்குமேல் தூக்கி, கடலுக்குள் நீண்டிருந்த இறங்குபாலத்தில் ஏற்றினார்கள். அதன் சொந்தக்காரர் இடுப்புவரை நனைந்து, வாத்தியம் நனையவில்லை என்று கண்டு படகுக்காரர் ஒருவரை முத்தமிட்டார். ஓபோக்காரர் பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அவருக்கு மதாம் தன் கையால் எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். கடல் கொந்தளிப்பால் கப்பல் முன்கூட்டியே புறப்படுமாம். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் பாலத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மூன்று மணி நேரம் ஒன்றேகால் மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

ஷெஃப் குள்ளமான மனிதர். கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குச்சியைத் தூக்கினார். நானும் மதாமும் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே எட்டு பாண்டுக்காரர்கள், இஸ்திரி போட்ட உடையில். முதல் கொம்பு ஒரு பிரெஞ்சுக்காரர். இரண்டாம் கொம்பு சார்ஜன்.

இரண்டு தடவை தொடங்கி நின்றது. மூன்றாவது தடவை ஓடியது. மதாம் மடியில் கையைக் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவர் நான்கு வருஷமாகத் தலைக்குள் வைத்திருந்த ஓசை கண்ணெதிரே மனிதர்களின் மூச்சாகவும் கையாகவும் வெளியே வந்துகொண்டிருந்தது. நான் தனித்தனித் தாளாகப் பார்த்துத் திகைத்த செல்லோவும் ஓபோவும் இப்போது ஒரே தெருவில் போகும் இரண்டு பேராகத் தெரிந்தார்கள். முணுமுணுக்க எதுவும் இல்லை. ஆனாலும் அடுத்து என்ன என்று முதுகை முன்னால் தள்ளி உட்கார வைத்தது.

ஐம்பத்திரண்டாம் பக்கம் வந்தது. டிரம்பெட்டுகளும் கொம்புகளும் அழகாக ஒரே சுரத்தில் நின்றன. மதாமின் கை பிரிந்தது. ஷெஃப் குச்சியால் மேஜையைத் தட்டி நிறுத்தினார். கொம்புக்காரர்களிடம் ஏதோ கேட்டார். இருவரும் தாளைத் தூக்கிக் காட்டினார்கள். பிறகு மதாமின் பக்கம் திரும்பிப் பேசினார்.

சார்ஜன் மேடையிலிருந்தே எனக்கு மொழிபெயர்த்தார். "புஸ்தகத்துல அரைச் சுரம் மேல இருக்குதாம். எங்க தாள்ல கீழ இருக்குது. எது சரின்னு கேக்குறாரு. கீழ இருக்குறதுதான் காதுக்கு நல்லா இருக்கு, நேரமும் இல்ல, அப்பிடியே விட்டுடலாம்னு சொல்றாரு."

மதாம் புத்தகத்தைப் பார்த்தார், சார்ஜனின் தாளைப் பார்த்தார். "நான் சரியாத்தானே…" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு கணம் அவர் தன்னையே சந்தேகப்பட்டதை நான் கண்டேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அப்படியே முடிந்திருக்கும்.

எழுந்து நின்றேன். "நான்தான் மாற்றினேன் மதாம். தப்பு என்று நினைத்தேன். கேட்காமல் மாற்றிவிட்டேன்."

மேடையிலிருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. முதல் கொம்புக்காரர் சிரித்தார். மதாம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"எங்க வீட்டுல காலையில ஆறு மணிக்குக் கோயில் மணியும் மில்லுச் சங்கும் ஒண்ணா வருமே, கேட்டீங்களா?"

ஐந்து நாளும் கேட்டேன். ஐந்து நாளும் போர்வையைக் காதுக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

"ரெண்டும் கிட்டக் கிட்ட இருக்கும், சேராது. ஒண்ணு பூசைக்குக் கூப்புடுது, ஒண்ணு வேலைக்குக் கூப்புடுது. எங்க ஜனங்க ரெண்டுக்கும் நடுவுலதான் எழுந்திரிக்கிறாங்க. அதுக்காகத்தான் இந்த எம்பத்தாறு பக்கமும். பென்சில் இருக்கா?"

இருந்தது. மேடை ஏறி, வாத்தியங்களுக்கு நடுவே நுழைந்து, பிரெஞ்சுக்காரரின் தாளில் பதினொன்று, சார்ஜனின் தாளில் பதினொன்று என்று குறிகளைப் போட்டேன். முப்பத்தெட்டு பேர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார்கள். சார்ஜன் மட்டும் மெல்ல, "மெதுவா போடுங்க. கண்ணுக்குத் தெரியணும்" என்றார்.

மீண்டும் தொடங்கினார்கள். டிரம்பெட்டுகள் நின்றன. கொம்புகள் அரைச் சுரம் மேலே வந்து அவற்றோடு உரசி நின்றன. முதலில் எனக்குப் பல் கூசியது. இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கீழே பாஸ்களும் செல்லோக்களும், ஒருவர் பின் ஒருவராக வீட்டைவிட்டு வெளியே வருவதுபோல் அசையத் தொடங்கின. பிடில்கள் சேர்ந்தன. அந்த உரசல் தொடர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் சிறிது நேரத்தில் அது வலியாக இல்லை, வெளிச்சமாக இருந்தது. அந்த இரண்டு சுரங்களுக்கு நடுவில் ஒரு நகரமே நடமாட இடம் இருந்தது. நான் ஒரே சுரமாக்கி அந்த இடத்தை அடைத்துவிட்டிருந்தேன். ஒன்பது வருஷம் பிடில் வாசித்தும் எனக்குக் காது இப்போதுதான் திறந்தது என்று நினைத்தேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மதாம் பார்க்கவில்லை. அவர் மேடையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

முடிந்தபோது பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. ஷெஃப் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து மதாமின் கையைப் பிடித்து வேகமாகப் பேசினார். சார்ஜனின் முகம் மலர்ந்தது.

"பாதி இடம் தனக்குப் புடிக்கலியாம். ஆனா அந்த எடம் இருக்குதே, சைகோன் போய்ச் சேர்ற வரைக்கும் காதவிட்டுப் போகாதாம். தாளெல்லாம் குடுங்க, அங்க பெரிய அரங்கத்துல வாசிக்கிறேன்னு சொல்றாரு!"

பாண்டுக்காரர்கள் கை தட்டினார்கள். மதாம் வேண்டாம் என்று தலையசைத்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். சார்ஜனின் மீசை தொங்கிவிட்டது.

"மதாம், இன்னா சொல்றீங்க? கப்பல் காத்துக்கினு இருக்குமா?"

"காத்திருக்க வேணாம். திரும்பி வர்றப்ப இந்த வழியாத்தானே வரணும்? அப்ப எடுத்துக்கட்டும். இது இன்னும் முடியல சார்ஜன். முடிஞ்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கிக் கேட்டப்புறம்தான் தெரியுது."

ஷெஃப் அவரைக் குனிந்து வணங்கினார். சிறு உபசாரத்துக்குச் செய்த வணக்கம் அல்ல அது. தன் தொழிலைச் செய்யும் இன்னொருவருக்குச் செய்தது. எல்லோரும் பாலத்துக்கு ஓடினார்கள்.

வெறிச்சோடிய அரங்கத்தில் மதாம் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். முதல் பகுதியில் இரண்டு பக்கங்கள் முழுதாகப் போயின. எனக்கு மிகவும் பிடித்திருந்த புல்லாங்குழல் இடம் அது.

"ஐயோ மதாம், அது நன்றாக இருந்ததே!"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க தேவையில்ல. அது வந்து நிக்கிறதால பின்னாடி வர்றவங்களுக்கு எடம் இல்ல."

யாராவது பாராட்டிவிட்டால் எழுதியதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவது என் வழக்கம். கப்பலையே திருப்பி அனுப்பிவிட்டு இந்த அம்மாள் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஊருக்குப் போக ஞாயிற்றுக்கிழமை ரயில். மறுபடி தனித்தனித் தாள் எழுத ஆள் வேண்டுமே என்றேன். "வேணும்தான். ஆனா உங்களக் கேக்க எனக்கு யோசனையா இருக்கு" என்றார், மறைக்காமல். "இருக்கிறேன்" என்றேன். வீட்டுக்குத் தந்தி கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை அதே மேஜையில் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். மதாம் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "சந்தேகம் வந்தா கேளுங்க. நான் தூங்கினாலும் எழுப்பிக் கேளுங்க."

அன்று முழுவதும் பதினாறு தடவை கேட்டேன். பதினான்கு தடவை, "அப்பிடித்தான் இருக்கணும்" என்றார். மற்ற இரண்டு தடவை புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த இடத்தை மறுபடி படித்துவிட்டு, பென்சிலுக்காக என்னிடம் கையை நீட்டினார்.